சத்து மாத்திரையும் ஆந்தைக் கண்ணும்

நோய்க்குறியியல் துறைக்கு ஏன் வந்தீர்கள் என்று நேர்காணலில் கேட்டிருப்பார்கள். "நோயின் வேரைப் பார்க்கும் ஆசை" என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நானும் அதையேதான் சொன்னேன். நிஜக் காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். ஃபார்மலினில் ஊறிய சதை "எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க" என்று கேட்காது. நோயாளியோடு வந்த சித்தப்பா நம் சட்டையைப் பிடிக்கமாட்டார். அறையில் ஏசி ஓடும், கதவு சாத்தியிருக்கும், டீ சூடாக வரும். இந்தச் சுகத்துக்காக வந்தவர்கள்தான் நாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கொஞ்ச நாளில் அதை மறந்துவிட்டு, கண்ணாடித் துண்டைப் பார்த்தே ஊர் உலகத்தைச் சொல்லிவிடுவோம் என்று மார்தட்ட ஆரம்பிக்கிறோம் பாருங்கள், அங்கேதான் பிடிக்கிறது சனி.

ஹாட்ஜ்கின் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பாடம் வேண்டுமென்றால் புத்தகத்தில் இருக்கிறது, என்னைவிடத் தெளிவாகவும் பொறுமையாகவும் சொல்லும். எனக்குப் பொறுமை கிடையாது என்பது பணியில் இருந்தபோதே பிரசித்தம். நான் ஒரே ஒரு கழுத்துக் கட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இன்றுதான் சேர்ந்தவர்களும் இருக்கிறீர்கள், அதனால் இரண்டு வரி. ஹாட்ஜ்கின் என்பது நெறிகட்டிகளில் வரும் புற்றுநோய், லிம்போமாவில் ஒரு வகை. மற்றப் புற்றுநோய்களில் கெட்ட செல்கள் கும்பலாக வரும். இதில் கெட்டது கொஞ்சம்தான், சுற்றி நிற்கும் கூட்டம்தான் அதிகம். தலைவர் ஒருவர் இறங்கினால் கூட நூறு பேர் இறங்குவார்களே, அப்படி. கூட்டத்தில் தலைவரைக் கண்டுபிடிப்பது நம் வேலை. பெரிய செல், இரண்டு உட்கரு, ஒவ்வொன்றின் நடுவிலும் தடித்த ஒரு புள்ளி. ஆந்தை முறைப்பது போலவே இருக்கும், அதனால் ஆந்தைக்கண் செல். சந்தேகம் தீர மார்க்கர் போடுவோம், அதாவது செல்லின் மேலுள்ள அடையாளப் புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். சிடி 30 சாயம் பிடிக்க வேண்டும். சிடி 15 பெரும்பாலும் பிடிக்கும். சிடி 45 பிடிக்கக் கூடாது. இவ்வளவுதான் பாடம். இதை மனப்பாடம் செய்து தேர்ச்சி பெற்ற பலரை நான் மேய்த்திருக்கிறேன்.

அவர்களில் ஒருவர் தங்கப்பதக்கம் வாங்கியவர். பெயர் சொல்லமாட்டேன், இன்று உங்களுக்கே பாடம் எடுக்கிறார். அப்போது திருப்பதியில் என் ஆய்வகத்தில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஸ்லைடைத் தட்டில் ஏந்திக்கொண்டு, மலையிலிருந்து பிரசாதம் கொண்டு வருபவர் போல வந்தார்.

"மேடம், கிளாசிக் ஹாட்ஜ்கின்."

நம் துறையில் யாராவது 'கிளாசிக்' என்றால் நான் முதலில் என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வேன். துடைத்துக்கொண்டு, ஸ்லைடைப் பார்க்கும் முன் கூட வந்த சீட்டைக் கேட்டேன். சுகுணா, இருபத்து மூன்று வயது. சித்தூரில் ஓர் அறுவை மருத்துவர் கழுத்திலிருந்து ஒரு நெறிகட்டியை எடுத்து அனுப்பியிருந்தார். "கழுத்தில் இருபுறமும் கட்டி. காய்ச்சல், அரிப்பு, எடைக் குறைவு. லிம்போமாவா?" என்று எழுதியிருந்தது. 'எடுத்துக்கொள்ளும் மருந்துகள்' என்ற இடத்தில் ஒரு கோடு. மருத்துவர்கள் போடும் கோட்டுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கேட்டேன், இல்லை என்றார்கள். இன்னொன்று, கேட்கவில்லை. கோட்டைப் பார்த்து எது என்று எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லாது.

ஸ்லைடைப் பார்த்தேன். தங்கப்பதக்கம் பொய் சொல்லவில்லை. ஆந்தைகள் இருந்தன, இரண்டு கண்ணும் புள்ளியுமாக முறைத்தன. சுற்றிலும் ஒவ்வாமையில் வருமே, அந்தச் சிவப்புத் துகள் செல்கள், அவையும் ஹாட்ஜ்கினில் வரக்கூடியவைதான். ஆனால் எனக்கு இடித்தது வேறு. புற்றுநோய் புகுந்தால் நெறிகட்டியின் அமைப்பு குலைந்து போகும், ஊரே இடிந்து கிடக்கும். இங்கே தெருக்கள் கொஞ்சம் வீங்கிக் கிடந்தனவே தவிர அந்தந்த இடத்தில் இருந்தன. இன்னொன்று, ஹாட்ஜ்கினில் ஆந்தை தனியாக உட்கார்ந்திருக்கும், சுற்றியுள்ளவர்களுக்கும் அதற்கும் ஒட்டும் இருக்காது உறவும் இருக்காது. இந்த ஸ்லைடில் குஞ்சு, இளவட்டம், நடுவயசு, கிழம் என்று எல்லா அளவிலும் குடும்பமாக இருந்தார்கள்.

"மார்க்கர்?" என்றேன்.

"சிடி 30 பாசிட்டிவ் மேடம். பளிச்சுனு."

"அப்புறம்?"

"சிடி 15 நெகட்டிவ். சில ஹாட்ஜ்கின்ல அது வராது மேடம்."

"சிடி 45?"

தங்கப்பதக்கம் தட்டைப் பார்த்தார். "அது... கொஞ்சம் பாசிட்டிவ் மாதிரி. சாயம் சரியா கழுவலையோ என்னவோ."

இதை நன்றாகக் கவனியுங்கள். நாம் விரும்பிய விடை வந்தால் சாயம் நல்ல சாயம். வராவிட்டால் கழுவியவர் சரியில்லை. இப்படியே போனால் எந்த ஆய்வகத்திலும் தவறே நடக்காது.

மலையடிவாரத்தில், அலிபிரியில் போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். மலையிலிருந்து மொட்டைத் தலைகளாக இறங்கி வரும். மொட்டையைப் பார்த்தால் ஏதோ ஒரு வேண்டுதல் இருந்தது என்று தெரியும். பிள்ளை பிறந்ததா, வழக்கு ஜெயித்ததா, காய்ச்சல் விட்டதா என்று தலையில் எழுதியிருக்காது. சிடி 30 அந்த மொட்டைதான். செல் உசுப்பேறியிருக்கிறது என்று சொல்லும். எது உசுப்பியது என்று சொல்லாது. வைரஸ் உசுப்பும், மருந்து உசுப்பும். புற்றுநோயிலும் அதே மொட்டைதான்.

"அப்ப என்னன்னு ரிப்போர்ட் போடறது மேடம்?"

"இன்னும் போடாதீங்க."

போடாமல் இருப்பது அவ்வளவு எளிதா? மதியத்துக்குள் எங்கள் புற்றுநோய் மருத்துவர் அறைக்கு வந்துவிட்டார். வார்டில் அவருக்குத் திங்கட்கிழமை டாக்டர் என்று பெயர். எந்தக் கீமோவையும் திங்கட்கிழமைதான் ஆரம்பிப்பார், வார நடுவில் ஆரம்பித்தால் தேறாது என்பது அவர் கட்சி. கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு ஹாட்ஜ்கின் மேல் ஒரு தனிப் பிரியம், அவ்வளவுதான். காரணம் உண்டு. அவர் கைக்கு வரும் நோய்களில் பெரும்பாலும் குணமாகிற நோய் அது. மற்றவர்களின் வீட்டிலிருந்து காரியப் பத்திரிகை வரும், ஹாட்ஜ்கின் குணமானவர்கள் மாம்பழக் கூடையோடு வருவார்கள். நம்மில் யாருக்குத்தான் மாம்பழம் பிடிக்காது?

"சின்ன வயசு, கழுத்துக் கட்டி, காய்ச்சல், அரிப்பு, சிடி 30. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு? தாம்பாளத்துல வெச்சு அழைக்கணுமா?" என்றார். "பொண்ண வரவழைச்சு அட்மிட் பண்ணியாச்சு. திங்கக்கிழமை ஆரம்பிக்கிறேன்."

"சிடி 45 வந்திருக்கு."

"சரி, வேலூருக்கு ஸ்லைட அனுப்புங்க. அவங்க சொல்லட்டும். அதுவரைக்கும் நான் சும்மா உக்காந்திருக்க முடியாது, பொண்ணு எடை இறங்கிக்கிட்டே போகுது."

நமக்குக் குழப்பம் வந்தால் வேலூர்ப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது நம் குலவழக்கம். தப்பில்லை, நானும் அனுப்பியிருக்கிறேன். ஆனால் அங்கே போவது அதே ஸ்லைடு, அதே கோடு போட்ட சீட்டு. அவர்களும் அதே ஆந்தையைத்தான் பார்ப்பார்கள். அந்தக் கோட்டுக்குப் பொருள் இருந்தது எனக்கு இரண்டு மாடி மேலே, பெண்கள் வார்டில்.

அதனால் மாடி ஏறினேன். நோய்க்குறியியல் மருத்துவர் வார்டுக்கு வருவது, சாமி கர்ப்பக்கிரகத்தை விட்டுக் கடைத்தெருவுக்கு வந்த மாதிரி. நர்சுகள் எழுந்து நின்றுவிட்டார்கள். யாராவது செத்துவிட்டார்களோ என்று ஒருத்தி கேட்டேவிட்டாள்.

சுகுணா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான பெண், கழுத்தில் தாலிச்சரட்டின் மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை. பிறந்த வீடு புத்தலப்பட்டுப் பக்கம், வாழ்க்கைப்பட்டது பாகாலாவில். கட்டிலின் தலைமாட்டில் மாமியார் கோவிந்தம்மா. கால்மாட்டில், எழுந்து ஓடிவிடத் தயாராக இருப்பவர் போல, பெண்ணின் அப்பா முனிரத்தினம், புத்தலப்பட்டில் கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுபவர். பெண்ணைக் கேட்ட எல்லாக் கேள்விக்கும் மாமியார்தான் பதில் சொன்னார்.

"கட்டிய பாக்கற டாக்டரம்மா நீங்கதானா? இன்னா இருக்குது அதுல? துன்றதே இல்ல மேடம். ரெண்டு இட்லி வெச்சா ஒண்ணு அப்டியே கெடக்குது. ராவெல்லாம் சொறிஞ்சிக்கினே இருக்குது."

"மருந்து ஏதாவது சாப்பிடறாங்களா?"

"ஒண்ணும் கெடயாது. சித்தூரு டாக்டரும் கேட்டாரு, இல்லன்னேன், கோடு போட்டுக்கினாரு."

ஆக, கேட்டுப் போட்ட கோடுதான். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"கை வைத்தியம், நாட்டு மருந்து, கஷாயம்?"

"அதெல்லாம் எங்க வூட்ல இல்ல மேடம். அவ நைனா குடுத்த சத்து மாத்திரை ஒண்ணுதான். அத மருந்துன்னு சொல்ல முடியுமா? இதுக்கு மறந்துடும். நான்தான் ராத்திரி துன்னதும் எடுத்துக் குடுப்பேன். காய்ச்சல் வந்தப்ப ஒடம்பு தேறட்டும்னு ரெண்டா குடுத்தேன்."

முனிரத்தினம் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

"காட்டுங்க அந்த மாத்திரைய."

கோவிந்தம்மா பெருமையாகப் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். பிரபலமான சத்து மாத்திரைதான். என் மகள் வற்புறுத்தலில் நானும் தினமும் அதையே விழுங்குகிறேன், அதனால் தெரியும். அது கருஞ்சிவப்பு, வழவழப்பு, மூடியைத் திறந்தாலே குமட்டும். இந்தப் பாட்டிலில் இருந்தவை சுண்ணாம்புத் துண்டுபோல வெள்ளை மாத்திரைகள். வாசனையே இல்லை. சுகுணா என்னைப் பார்க்காமல் போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கோவிந்தம்மா, கேன்டீன்ல போய் ஒரு காபி சாப்பிட்டு வாங்களேன்" என்றேன்.

"இப்பதான் குடிச்சேன்."

"இன்னொண்ணு?"

"பித்தம் ஏறிடும் மேடம்."

அசைய மாட்டார் என்று தெரிந்தது. முனிரத்தினத்தை மாடிப்படிக்குக் கூட்டிப்போனேன். "இது சத்து மாத்திரை இல்லை" என்று நான் முடிப்பதற்குள் மனிதர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணம் நிச்சயமான பிறகு சுகுணாவுக்கு வலிப்பு வந்திருக்கிறது. கல்லூரியிலிருந்து திரும்புகையில் பஸ்ஸில் ஒரு முறை, வீட்டில் ஒரு முறை. நல்லவேளை, மந்திரிக்கப் போகவில்லை, சித்தூரில் ஒரு நல்ல மருத்துவரிடமே போயிருக்கிறார்கள். அவர் ஃபெனிட்டாயின் எழுதிக் கொடுத்திருக்கிறார். பழைய மருந்து, மலிவு, பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். மறுபடி வலிப்பு வரவில்லை. அப்பா என்ன செய்தார்? மாதம் தவறாமல் சித்தூரில் வாங்கி, அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, சத்து மாத்திரைப் பாட்டிலில் போட்டு, பாகாலாவுக்குக் கொண்டுபோய்ச் சம்பந்தியம்மா கையிலேயே கொடுத்திருக்கிறார்.

அந்த மருந்து மிகச் சிலருக்கு நெறிகட்டிகளை வீங்கவைக்கும். காய்ச்சல் வரும், அரிப்பு வரும், எடை இறங்கும். நெறிகட்டியை வெட்டிப் பார்த்தால் ஹாட்ஜ்கின் வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும், ஆந்தைக்கண் உட்பட, சிடி 30 உட்பட. இதுவும் புத்தகத்தில் இருக்கிறது. எல்லோரும் தேர்வுக்கு முன் தாண்டிப்போகிற பக்கத்தில்.

"இந்த மாத்திரையாலயா மேடம் என் பொண்ணுக்கு இப்டி?" என்றார் முனிரத்தினம். "நானேதான மேடம் வாங்கியாந்து குடுத்தேன்."

"அப்படித்தான் நினைக்கிறேன். மருந்தை மாத்தினா கட்டி குறையணும். குறைஞ்சா அது கேன்சர் இல்ல."

அவர் கும்பிட்டார். சந்தோஷத்தில் என்று நினைத்தேன். இல்லை.

"மாத்திடுங்க மேடம். பேர மட்டும் சொல்லாதீங்க. அந்தம்மாவுக்குத் தெரிய வேணாம். கேன்சருன்னே இருக்கட்டும் மேடம். கேன்சருன்னா அய்யோ பாவம்னுவாங்க, கூட இருந்து பாத்துக்குவாங்க, மலைக்கு வேண்டிக்கினு முடி குடுப்பாங்க. வலிப்புன்னா கொண்டாந்து வாசல்ல உட்டுட்டுப் போயிடுவாங்க. எனக்கு இன்னொரு பொண்ணு இருக்குது."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அந்தப் படியிலிருந்தே உருட்டிவிட்டிருப்பேன். இல்லாத புற்றுநோய்க்கு நரம்பில் மருந்து ஏற்றினாலும் பரவாயில்லை, முடி கொட்டினாலும் பரவாயில்லை, பிள்ளை பிறக்குமா என்பது சந்தேகமானாலும் பரவாயில்லை, இருக்கிற வலிப்பு மட்டும் வெளியே தெரியக்கூடாதாம். ஊரைப் பற்றி அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பது என் கோபத்தை இன்னும் ஏற்றியது.

ஒரு வழி எனக்கும் தோன்றாமல் இல்லை. "சத்து மாத்திரை ஒத்துக்கல" என்று சொல்லிவிடலாம். பாதி உண்மை, எல்லோருக்கும் மரியாதை. ஆனால் நடக்கப் போவதை யோசித்துப் பாருங்கள். மாமியார் பாட்டிலோடு குப்பையில் போடுவார். புது மருந்தை எந்தப் பாட்டிலில் ஒளிப்பது? எந்த மாத்திரையைக் கண்டாலும் "போதும்மா, பட்டது" என்பார். வலிப்பு மருந்து திடீரென்று நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எரிகிற அடுப்பின் முன்னால் அந்தப் பெண் விழுந்தால், பாதி உண்மையை நான் எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

அதே சமயம், அடுத்தவர் ரகசியத்தை வார்டில் கூவ எனக்கு எந்த உரிமையும் கிடையாது. மாமியார் கேட்டாலும் கிடையாது, அப்பா கும்பிட்டாலும் கிடையாது. அது சுகுணாவுடையது.

"ரத்தம் எடுக்கணும்" என்று சொல்லி அவளை மட்டும் கீழே என் அறைக்கு வரவழைத்தேன். கோவிந்தம்மா கூட வரப் பார்த்தார். ஆய்வகத்துக்குள் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்று விதியைக் காட்டினேன். என் பணிக்காலத்தில் அந்த விதி உருப்படியாகப் பயன்பட்டது அன்று ஒருநாள்தான்.

மைக்ராஸ்கோப்பில் அவளுடைய ஸ்லைடையே வைத்துப் பார்க்கச் சொன்னேன். வெகு நேரம் பார்த்தாள்.

"இதுல எது மேடம் கேன்சர்?"

"எதுவும் இல்லைன்னு நினைக்கிறேன். எனக்கு ஒண்ணு தெரியணும். அந்த வெள்ளை மாத்திரை என்னன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்." கண்ணை எடுக்காமலே பேசினாள். "ராத்திரி அத்த டம்ளர்ல தண்ணியோட எடுத்தாந்து நிப்பாங்க. துன்னுட்டியா துன்னுட்டியான்னு கேப்பாங்க. ஒவ்வொரு நாளும் சொல்லிடலாம்னு இருக்கும். நைனா மூஞ்சி நெனப்பு வரும். முழுங்கிடுவேன்."

நான் அவளிடம் ஒளிக்காமல் எல்லாம் சொன்னேன். மருந்து மாறும். கட்டி குறைய வேண்டும். நான் நினைப்பது தவறாக இருந்தால் குறையாது, அப்போது வேறு பேச்சு. புது மருந்தை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும், அதுவும் ஒளித்துவைத்து அல்ல. யாரிடம் என்ன சொல்வது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன் என்றேன்.

"திங்கக்கிழம ஊசி போட்டா முடி கொட்டிடும்னாங்க. அத்த எனக்கு முன்னாடி அவங்க முடியக் குடுக்கறேன்னு வேண்டிக்கினாங்க மேடம்." அப்போதுதான் அழுதாள். "நான் மேல போய் சொல்லிடறேன்."

சொன்னாள். நானும் கூடப் போனேன். நாலு வாக்கியம்தான். பஸ்ஸில் வந்தது, வீட்டில் வந்தது, பாட்டிலில் இருப்பது என்ன, கட்டி எதனால். "வேணாம்மா" என்று முனிரத்தினம் நடுவில் ஒரு தரம் முனகினார்.

கோவிந்தம்மா மருமகளை ஒன்றும் கேட்கவில்லை. சம்பந்தியைத்தான் பார்த்தார்.

"என் கையாலயே குடுக்க வெச்சியே" என்றார். "நான் இன்னா பண்ணேன் உனக்கு?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். சாயங்கால பஸ்ஸில் பாகாலா போய்ச் சேர்ந்ததாக நர்ஸ் வந்து சொன்னாள். முனிரத்தினம் என்னைப் பார்த்த பார்வையில், நான் சொன்னேன் கேட்டீர்களா என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்று எந்தச் சாமியார் சொன்னாரோ தெரியாது, எனக்கு அன்று ஏறியது. ஒரு நோயைத் தள்ளிவிட்டு ஒரு குடும்பத்தை வெட்டிவிட்டோமோ என்று பயமாக இருந்தது.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனேன். நரம்பு மருத்துவர் மருந்தை மாற்றிவிட்டார், கீமோ வேண்டாம், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றேன்.

"உங்க கணக்கு தப்பா இருந்தா?"

"கட்டி குறையாது. அப்ப மறுபடியும் ஒண்ண எடுத்துப் பார்ப்போம். உங்க திங்கக்கிழமை எங்கயும் ஓடிப்போகாது, வாரா வாரம் வரும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் கீமோவைத் தள்ளிவைத்து, சுகுணாவை அப்பாவோடு புத்தலப்பட்டுக்கு அனுப்பிவைத்தார், அதற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். நான் ரிப்போர்ட்டில் எழுதியது இதுதான்: ஹாட்ஜ்கின் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. ஃபெனிட்டாயினின் எதிர்வினையாக இருக்கலாம். மருந்தை மாற்றி மறுபடி பார்க்கவும். தங்கப்பதக்கம் அதைப் படித்துவிட்டு, "இருக்கலாம்னா போடறது மேடம்?" என்றார். ஆமாம், இருக்கலாம் என்றுதான் போடுவது. தெரியாததைத் தெரியாது என்று எழுத நம் பேனாவுக்கு ஏனோ மை வருவதில்லை.

அடுத்த வாரங்களில் நான் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். நான் சொன்னது தப்பென்றால் அந்தப் பெண்ணுக்கு நோயும் முற்றும், வீடும் போயிருக்கும். ஸ்லைடை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆந்தை ஒவ்வொரு முறையும் அதே மாதிரிதான் முறைத்தது.

அவள் மறுபரிசோதனைக்கு வரும் நாளில் நான் முன்கூட்டியே புறநோயாளிப் பிரிவில் போய் நின்றேன். கூட்டம் அம்மியது. முதலில் முனிரத்தினம் தெரிந்தார், தனியாக, சுவரோரமாக. அப்புறம்தான் வரிசையில் சுகுணாவைப் பார்த்தேன். பக்கத்தில் கோவிந்தம்மா, அதே பையோடு.

கழுத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு பக்கம் ஒன்றும் இல்லை. இன்னொரு பக்கம் பட்டாணி அளவில் ஒன்று நழுவியது. கன்னத்தில் சதை வைத்திருந்தது, அரிப்பு நின்றுவிட்டதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். இன்னும் சில காலம் வந்து காட்ட வேண்டும் என்றேன், ஏனென்றால் வேஷம் போட்டவன் சில நேரம் நிஜமாகவே அந்த ஆளாக மாறிவிடுவதும் உண்டு.

"நீங்க திரும்பி வருவீங்கன்னு நான் நினைக்கல" என்று கோவிந்தம்மாவிடம் சொன்னேன்.

"ஏன்? கேன்சருன்னப்பவே நான்தான கூட வந்து படுத்தேன். வலிப்புக்கா ஓடுவேன்? இவரு என்ன நம்பலியேன்னு கோவம். அந்தக் கோவத்துல போனேன்." சுவரோரம் நின்றவரைத் தலையால் காட்டினார். "என் புள்ள ஒரு வாரம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்தான். அப்பால அவனே வண்டிய எடுத்துக்கினு புத்தலப்பட்டு போயி இவளக் கூட்டியாந்துட்டான். இவருகிட்ட மட்டும் நான் இன்னும் பேசறதில்ல."

இதே கதையைத் திங்கட்கிழமை டாக்டர் பிறகு ஒரு கருத்தரங்கில் சொன்னார். "எனக்கு முதலிலேயே ஒரு சந்தேகம் இருந்தது" என்று தொடங்கினார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள், நம் துறைக்குக் கைதட்டும் வேலைதான் அதிகம்.

ஆனால் என் மனதில் நிற்பது கருத்தரங்கு இல்லை, அன்று அந்த வரிசைதான். சுகுணாவின் முறை வந்ததும் புதிதாகச் சேர்ந்த டாக்டர் ஒருவர், உங்கள் வயதுதான் இருக்கும், தலை நிமிராமல் சீட்டை நிரப்பினார். பெயர், வயது, ஊர். "மருந்து ஏதாவது?" என்று கேட்டபடியே பேனாவைக் கோடு போட நகர்த்தினார்.

"வலிப்பு மாத்திரை" என்றார் கோவிந்தம்மா. கூட்டம் திரும்பிப் பார்க்கும் குரல். "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எழுதிக்கோப்பா, கோடு போடாத."

சுகுணா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். முனிரத்தினம் பதறிப்போய் என்னிடம் வந்தார். வரிசையில் புத்தலப்பட்டு முகம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டே, "மேடம், சின்னதுக்கு வரன் வந்துகினு இருக்குது. கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லுங்க மேடம்" என்றார்.

கோவிந்தம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது. "டாக்டரு சரியா கேட்டாரோ இல்லியோ" என்று சொல்லிவிட்டு, மாத்திரையின் பேரை இன்னொரு தரம், இன்னும் சத்தமாகச் சொன்னார்.